ஜாப் ஏன் செத்தது என்று எது சொல்லும்? டிமக்ஸ், டாஸ்க் ஸ்பூலர், ஸ்லர்ம்: ஓர் ஒப்பீடு

வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஜாப்பை ஓடவிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறீர்கள். ஜாப் என்றால் சர்வரில் தானாக ஓடும் ஒரு கணக்கீட்டு வேலை; இது மூன்று நாள் ஓட வேண்டியது. திங்கட்கிழமை காலை வந்து சர்வருக்குள் நுழைந்தால் புரோகிராமைக் காணோம். வெளியீட்டுக் கோப்பு பாதி வரியில் நிற்கிறது. பிழைச் செய்தி என்று ஒரு சொல்கூட இல்லை. ரேம் தீர்ந்ததா, யாராவது நிறுத்தினார்களா, கரண்ட் போய் வந்ததா, கோடிலேயே கோளாறா? ஒன்றும் தெரியாது. மறுபடி ஓடவிடுவதைத் தவிர வழியில்லை. மறுபடியும் அதே இடத்தில் சாகுமா என்பதும் தெரியாது.

நான் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் ஏழு பேருக்கு ஒரே லினக்ஸ் சர்வர். 64 கோர், 256 ஜிபி ரேம், இரண்டு ஜிபியு. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எந்த ஆணையிலும் எழுதவில்லை. ஆனால் "அண்ணா, என் ஜாப் ஏன் செத்துச்சு?" என்று ஜூனியர்கள் வந்து நிற்பது என் மேசை முன்னால்தான். நான்கைந்து வழிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டோம். அண்மையில் பக்கத்துத் துறைக்காரர்கள் புது சர்வர் வாங்கிவிட்டு, "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்கள். அவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்தக் கருவிகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஜாப்பை எப்படி அனுப்புவது என்பதில் தொடங்குவார்கள். அதில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் கிடையாது; எல்லாவற்றிலும் ஒரு வரிக் கட்டளைதான். ஓடிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்ப்பதும் எல்லாவற்றிலும் முடியும். முடிந்த பிறகு, அதுவும் கோணலாக முடிந்த பிறகு, "என்ன நடந்தது?" என்று கேட்டால் எது பதில் சொல்கிறது, எது கையை விரிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் அதை வைத்துத்தான் தரம் பிரிக்கிறேன்.

நோஹப், டிமக்ஸ்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான். டெர்மினலை மூடினால், அதிலிருந்து கிளம்பிய புரோகிராம்களுக்கு ஹேங்கப் என்றொரு சிக்னல் போகும். டெலிபோன் கம்பி வழியாக மோடத்தில் இணைந்த காலத்துப் பெயர். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே என்று புரோகிராமிடம் சொல்லிவைப்பதுதான் நோஹப். கட்டளைக்கு முன்னால் நோஹப், கடைசியில் ஒரு & குறி. அவ்வளவுதான். வெளியீடு நோஹப் டாட் அவுட் என்ற கோப்பில் போய்ச் சேரும்.

சேருவதில் இரண்டு சிக்கல். ஒரே ஃபோல்டரிலிருந்து இரண்டு ஜாப் ஓடவிட்டால் இரண்டும் அதே கோப்பின் வாலில் எழுதும். எந்த வரி எதனுடையது என்று பிரிப்பது, உளுந்தையும் பாசிப்பருப்பையும் கலந்துகொட்டிவிட்டுப் பொறுக்குவது மாதிரி. இரண்டாவது சிக்கல் பைத்தானிடமிருந்து வருகிறது. திரைக்கு எழுதும்போது அது வரிக்கு வரி எழுதும். கோப்புக்கு எழுதும்போது சில கிலோபைட் சேரும்வரை கையிலேயே வைத்திருக்கும். ஜாப் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும், டெயில் (கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றுமே வராது. பயந்துபோய் நல்ல ஜாப்பைக் கொன்றவர்கள் எங்களிடம் இரண்டு பேர். அதைவிட மோசம், ஜாப் கொல்லப்பட்டால் கையில் வைத்திருந்த அந்தக் கடைசி வரிகளும் கூடவே போய்விடும். எங்கே செத்தது என்று காட்டக்கூடிய வரிகள் அவைதான். பைத்தான் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு '-யூ' போட்டால் சேர்த்துவைக்காமல் உடனுக்குடன் எழுதும். கீழே வரும் எந்தக் கருவியை எடுத்தாலும் இதை மறக்க வேண்டாம்.

டிமக்ஸ் இதைவிட வசதி. சர்வருக்குள்ளேயே ஒரு டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு நாம் மட்டும் எழுந்து போய்விடலாம். கண்ட்ரோலும் பி-யும், பிறகு டி. வெளியே வந்தாயிற்று. இரவு வீட்டிலிருந்து மறுபடி இணைந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். 2007-இல் வந்தது இது. இதே வேலையை 1987-லிருந்தே செய்துவரும் ஸ்க்ரீன் இன்னும் பல சர்வர்களில் இருக்கிறது. பழகியவர்கள் அதை விடுவதில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. கூடவே இருந்து பார்த்து, நடுவில் நிறுத்தி, எதையாவது திருத்தி ஓட்டும் வேலைகளுக்கு டிமக்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் திங்கட்கிழமைக் கேள்விக்கு? டிமக்ஸ் இயல்பாக நினைவில் வைத்திருப்பது 2000 வரிகள். அதற்கு மேல் போனது போனதுதான். அதனால் டீ கட்டளை வழியாகக் கோப்பிலும் எழுதவைக்கிறோம். அங்கே இன்னொரு குழி இருக்கிறது: வெளியீட்டை டீ-க்குத் திருப்பும் குழாயைப் போட்ட பிறகு, ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) சொல்லும் முடிவு எண் (0 என்றால் நலமாக முடிந்தது) டீ-யினுடையது, உங்கள் புரோகிராமுடையது அல்ல. புரோகிராம் வெடித்துச் செத்தாலும் டீ நலமாக முடிந்திருக்கும். எண் 0 என்று வரும். ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டுக்கொண்டால்தான் உண்மை வெளிவரும்.

அப்புறம் சிஸ்டம்டி, லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் நிரல். 2016-இல் வந்த அதன் 230-ஆம் பதிப்பு, ஒருவர் வெளியேறினால் அவருடைய எல்லாப் புரோகிராம்களையும் கொன்றுவிடுவதை இயல்பாக்கியது. டிமக்ஸும் அதில் அடக்கம். பெரிய சண்டை நடந்து பல விநியோகங்கள் அதை அணைத்துவைத்தன. அணைக்காத சர்வர் உங்களுக்கு வாய்த்தால் லாகின்சிடிஎல் கட்டளையில் லிங்கர் என்பதை இயக்கிக்கொண்டு, டிமக்ஸை சிஸ்டம்டி-ரன் கட்டளை வழியாகத் தொடங்குங்கள்; லிங்கர் மட்டும் போதாது. புது சர்வரில் முதல் நாளே ஒரு 'ஸ்லீப்' கட்டளையை டிமக்ஸில் ஓடவிட்டு, வெளியேறி, திரும்ப வந்து பார்த்துவிடுவது நல்லது. இரண்டு நிமிட வேலை.

நோஹப், டிமக்ஸ் இரண்டிலும் உண்மையான குறை வேறு. வரிசை கிடையாது, எல்லை கிடையாது. எங்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவருடைய ஜாப் மூன்றாவது நாளாக 150 ஜிபி ரேமோடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. இன்னொருவர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு சின்ன சோதனை என்று ஆரம்பித்தார். அது 110 ஜிபியைத் தாண்டியது. ரேம் தீர்ந்ததும் கெர்னல் (லினக்ஸின் உட்கரு) யாரையாவது கொன்றாக வேண்டும். யார் பிந்தி வந்தார் என்று அது பார்ப்பதில்லை, யார் அதிகம் வைத்திருக்கிறார் என்றுதான் பார்க்கும். மூன்று நாள் ஜாப் போனது, பத்து மணிக்கு வந்தது பிழைத்தது. செத்தவருக்கு ஷெல்லில் கிடைத்தது ஒரே சொல்: 'கில்ட்'. முடிவு எண் 137. 128-ஓடு 9 சேர்ந்தது 137. ஒன்பதாவது சிக்னல் என்றால் மறுபேச்சில்லாமல் கொல்வது. டிமெசேஜ் கட்டளையில் கெர்னலின் குறிப்பைத் தேடித்தான் ரேம் தீர்ந்த கதை தெரிந்தது. அதைப் பார்க்கப் பல சர்வர்களில் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். எண் 137 என்றால் என்ன என்றே தெரியாத ஜூனியர், தன் கோடில் இரண்டு நாள் பிழை தேடிக்கொண்டிருந்தார்.

இந்த அளவுக்கு மட்டும் பாதுகாப்பு போதும் என்றால் சிஸ்டம்டி-ரன் கட்டளையில் மெமரி மேக்ஸ் என்று ஓர் எல்லை வைத்து ஜாப்பை ஓட்டலாம். எல்லையைத் தாண்டினால் தாண்டியவர்தான் சாவார், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. எப்படி முடிந்தது என்பது சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவேட்டில் பதிவாகும். நல்ல கருவி, ஆனால் கட்டளை நீளம். ஏழு பேரில் ஒருவர்கூடப் பழக்கப்படுத்திக்கொள்ளவில்லை.

அட் என்ற பழைய கட்டளையையும் அதன் தம்பி பேட்ச்சையும் யாராவது சிபாரிசு செய்வார்கள். பேட்ச், சர்வரின் சராசரிச் சுமை 1.5-க்குக் கீழே இறங்கினால்தான் ஜாப்பைத் தொடங்கும். 64 கோர் இருக்கும் மெஷினில் 1.5 என்பது ஏறக்குறைய சும்மா இருப்பது. யாராவது இரண்டு கோரில் எதையாவது ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் ஜாப் விடியவிடியக் காத்திருக்கும். எண்ணை மாற்றலாம்தான். மாற்றுகிற நேரத்தில் அடுத்ததை நிறுவிவிடலாம்.

டாஸ்க் ஸ்பூலர்

டெபியன், உபுண்டுவில் ஒரே கட்டளையில் நிறுவலாம். பெயர் டிஎஸ்பி. நிறுவிய பிறகு பயன்படுத்த டேமன் (பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்) அமைப்பு, கான்ஃபிக் கோப்பு, ரூட் அனுமதி எதுவும் தேவையில்லை. எந்தக் கட்டளைக்கும் முன்னால் டிஎஸ்பி என்று போட்டால் அது வரிசையில் நின்றுகொள்ளும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும். நாற்பது கட்டளைகளை மாலையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம்.

வெறும் டிஎஸ்பி என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். ஜாப் எண், நிலை, வெளியீட்டுக் கோப்பு, முடிவு எண், எடுத்துக்கொண்ட நேரம், முழுக் கட்டளை. அந்த முடிவு எண் நெடுவரிசைக்காகத்தான் எனக்கு இது பிடிக்கும். 0, 0, 0, -1, 0, 1. எது ஒழுங்காக முடிந்தது, எது கொல்லப்பட்டது, எது தானாகப் பிழை சொல்லி வெளியேறியது என்று ஒரே பார்வையில் தெரிகிறது. டிமக்ஸில் இதற்காக நாம் எழுதிவைத்த ஷெல் வித்தைகள் அத்தனையும் இங்கே தேவையே இல்லை. ஒரு ஜாப்பின் வெளியீட்டை நேரடியாகப் பார்க்க '-டி', முழுவதையும் கொட்டிப் படிக்க '-சி', விவரம் வேண்டுமானால் '-ஐ'. ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்பதைப் பெரிய '-எஸ்'-இல் சொல்லலாம். இரண்டு ஜிபியு இருந்தால் 2. முந்தையது நலமாக முடிந்தால்தான் இது ஓட வேண்டும் என்று கட்டிவிடவும் வழி உண்டு.

சரி, குறை? வரிசை நினைவகத்தில்தான் இருக்கிறது. சர்வர் மறுதொடக்கம் ஆனால் காத்திருந்தவையும் போச்சு, முடிந்தவற்றின் பட்டியலும் போச்சு. வெளியீட்டுக் கோப்புகள் இயல்பாக டெம்ப் ஃபோல்டரில் போகும். பல சர்வர்களில் மறுதொடக்கத்தின்போது அதையும் துடைத்துவிடுவார்கள். டெம்ப் ஃபோல்டர் எது என்ற சூழல் மாறியை உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் திருப்பிவிட்டால் அந்த ஒரு இழப்பையாவது தவிர்க்கலாம். கோர் எத்தனை, ரேம் எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. ஒருவருடைய வரிசையும் இன்னொருவருடைய வரிசையும் தனித்தனி. ஆளுக்கொரு டிஎஸ்பி வைத்துக்கொண்டால் பழைய அடிதடி அப்படியே தொடரும், கொஞ்சம் ஒழுங்காக.

நாங்கள் அதோடு ஒரு வாட்ஸாப் குழுவும் வைத்துப் பார்த்தோம். "ஜிபியு 1 நாளைக்குக் காலைவரை என்னுது" என்று எழுத வேண்டும். முதல் வாரம் எல்லோரும் எழுதினார்கள். மூன்றாவது வாரம் நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஸ்லர்ம்

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்தது. லினக்ஸ் கிளஸ்டர்களுக்கான (பல கணினிகளைச் சேர்த்த தொகுதிகளுக்கான) எளிய வளமேலாண்மைக் கருவி என்பதன் சுருக்கம் என்று சொல்லிக்கொண்டாலும், பெயர் ஒரு கார்ட்டூன் தொடரில் வரும் குளிர்பானத்தினுடையது. அதை எழுதியவர்களில் மோ ஜெட், டேனி ஆபிள் இருவரும் 2010-இல் ஸ்கெட்எம்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இன்று ஓக் ரிட்ஜின் ஃப்ரான்டியர் போன்ற சூப்பர்கம்ப்யூட்டர் பூதங்களிலிருந்து திருச்சி என்ஐடியில் 2022-இல் திறந்த 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் வரை ஓடுவது ஸ்லர்ம்தான். (லிவர்மோரிலேயே இப்போதைய எல் கேபிடன் மெஷினில் அவர்களுடைய அடுத்த படைப்பான ஃப்ளக்ஸ் ஓடுகிறது. பெற்ற வீட்டில் மரியாதை அவ்வளவுதான்.)

இவ்வளவு பெரியது ஒற்றை சர்வருக்கு எதற்கு என்றுதான் நானும் இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அது தப்புக் கணக்கு. ஒரே மெஷினில் கட்டுப்படுத்தும் டேமனையும் வேலை செய்யும் டேமனையும் சேர்த்தே ஓடவிடலாம். அடையாளச் சரிபார்ப்புக்கு மஞ்ச் என்றொரு துணை. உபுண்டுவில் எல்லாமே தொகுப்பாகக் கிடைக்கின்றன. எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. அதில் பாதி நேரம் போனது ஒரே ஒரு எண்ணில். கான்ஃபிக் கோப்பில் ரேம் அளவை 256 ஜிபி என்று நேர்த்தியாகக் கணக்குப் போட்டு எழுதினேன். கெர்னல் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக மெஷினில் உண்மையில் இருந்தது கொஞ்சம் குறைவு. சொன்னதைவிட ரேம் குறைவு என்று சர்வரை ஸ்லர்ம் ஒதுக்கிவைத்துவிட்டது. எந்த ஜாப்பும் தொடங்கவில்லை. எஸ்இன்ஃபோ கட்டளையில் காரணத்தைக் கேட்டபோது 'லோ ரியல்மெமரி' என்று இருந்தது. வேலை செய்யும் டேமனான ஸ்லர்ம்டி-யைப் பெரிய '-சி' போட்டு ஓட்டினால் தன் கண்ணுக்குத் தெரியும் கோர், ரேம் எல்லாவற்றையும் கான்ஃபிக் வரியாகவே அச்சடித்துத் தரும். அதை அப்படியே ஒட்டி, ரேமை இன்னும் சில ஜிபி குறைத்து எழுதிவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடம் கவனிக்க வேண்டும். கோர், ரேமைப் பங்கிடும் தேர்வு முறை கான்ஸ் டிரெஸ் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய பதிப்புகளின் இயல்பு, ஒரு ஜாப்புக்கு முழு மெஷினையும் எழுதிக்கொடுப்பது. அடுத்து சிகுரூப் (ஒவ்வொரு ஜாப்புக்கும் எல்லை போடும் கெர்னல் வசதி): ரேமையும் ஜிபியுவையும் கட்டுப்படுத்து என்று அதில் சொல்லாவிட்டால், 40 ஜிபி கேட்டவர் 140 எடுத்தாலும் உடனே தடுக்க ஆளிருக்காது.

பயன்படுத்துவது எளிது. ஸ்கிரிப்டின் தலையில் நான்கு வரிகள்: கோர் 8, ரேம் 40 ஜிபி, ஜிபியு 1, நேரம் 12 மணி. எஸ்பேட்ச் போட்டு அனுப்பினால் ஓர் எண் வரும். எஸ்கியூ அடித்தால் வரிசை தெரியும். காத்திருக்கும் ஜாப்பின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு காரணம் இருக்கும். 'ரிசோர்சஸ்' என்றால் அடுத்தது நீங்கள்தான், இடம் காலியாகவில்லை. 'பிரையாரிட்டி' என்றால் உங்களுக்கு முன்னால் ஆள் இருக்கிறது. 'டிபென்டன்சி நெவர் சாட்டிஸ்ஃபைட்' என்றால் நீங்கள் நம்பியிருந்த முந்தைய ஜாப் தோற்றுவிட்டது, இனி இது ஓடவே ஓடாது. நீங்களே எஸ்கேன்சல் போடும்வரை வரிசையில் உட்கார்ந்திருக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் வெளியீட்டுக் கோப்பை டெயில் போட்டுப் பார்ப்பது, ஜிபியு சூடாக வேலை செய்கிறதா என்று என்விடியா-எஸ்எம்ஐ பார்ப்பது எல்லாம் பழையபடியே.

ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஒன்றாக உட்கார இடம் கேட்டு முன்னால் நிற்கிறது. அவ்வளவு இலை இன்னும் காலியாகவில்லை. பின்னால் நிற்கும் ஒற்றை ஆள், "நான் அஞ்சு நிமிஷத்துல எழுந்துருவேன்" என்றால், அந்தக் குடும்பத்துக்குத் தாமதம் ஆகாது என்று தெரிந்தால், அவரை உட்காரவைத்துவிடலாம். ஸ்லர்மின் பேக்ஃபில் இதுதான். ஆனால் ஐந்து நிமிடம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். நேரம் சொல்லாமல் அனுப்புபவர்களும், இரண்டு மணி வேலைக்குப் பாதுகாப்பாக ஏழு நாள் கேட்பவர்களும்தான் "ஸ்லர்ம் ரொம்ப ஸ்லோண்ணா" என்று வந்து சொல்வார்கள்.

இனி திங்கட்கிழமைக் கேள்வி. எஸ்அக்ட் என்ற கட்டளை ஜாப்பின் இறுதி நிலையைச் சொல்லும்: முடிந்தது, தோற்றது, நேரம் தீர்ந்தது, ரேம் தீர்ந்தது, நிறுத்தப்பட்டது. எவ்வளவு நேரம் ஓடியது, அதிகபட்சம் எவ்வளவு ரேம் எடுத்தது, முடிவு எண் என்ன, எந்தச் சிக்னலில் செத்தது, எல்லாம் வரும். எங்களிடம் மூன்று நாள் ஜாப்பை இழந்தவருக்கு இது அன்று இருந்திருந்தால் கோடில் இரண்டு நாள் பிழை தேடியிருக்க மாட்டார்.

ஆனால் இது இலவசமாக வராது. எஸ்அக்ட் வேலை செய்ய ஸ்லர்ம்டிபிடி என்ற இன்னொரு டேமனும் அதன் பின்னால் ஒரு மரியாடிபி டேட்டாபேஸும் வேண்டும். "சின்ன செட்டப்தானே, அது எதுக்கு" என்று விட்டுவிட்டால், முடிந்த ஜாப்பை ஸ்லர்ம் இயல்பாக ஐந்து நிமிடம்தான் நினைவில் வைத்திருக்கும். அப்புறம் டிமக்ஸ் கதைதான். என்னைக் கேட்டால் டேட்டாபேஸ் இல்லாத ஸ்லர்மை நிறுவவே வேண்டாம். அந்த உழைப்புக்கு டிஎஸ்பி போதும்.

எஸ்அக்ட்டைப் பழகும்போது மூன்று இடத்தில் தடுமாறுவீர்கள். அது இயல்பாகக் காட்டுவது இன்று நள்ளிரவுக்குப் பிறகு நடந்ததை மட்டும். சனிக்கிழமை செத்த ஜாப்பைத் திங்கட்கிழமை ஜாப் எண் கொடுக்காமல் தேடினால் வெறும் தலைப்பு வரிதான் வரும். பெரிய '-எஸ்' போட்டு வெள்ளிக்கிழமைத் தேதியைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, ரேம் அளவு ஜாப்பின் வரியில் இருக்காது, அதற்குக் கீழே 'பேட்ச்' என்று முடியும் வரியில் இருக்கும். மூன்றாவது, அந்த அளவு 30 விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து எடுத்தது. இரண்டு பார்வைகளுக்கு நடுவில் ரேம் குபீரென்று ஏறி ஜாப் செத்திருந்தால், நிலை 'ரேம் தீர்ந்தது' என்றும் அளவு கேட்டதில் பாதி என்றும் இருக்கும். இரண்டில் நிலையைத்தான் நம்ப வேண்டும்.

கண்காணிப்பு என்றதும் சிலர் வாட்ச் கட்டளையில் எஸ்கியூவை விநாடிக்கு ஒருமுறை ஓடவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நம் ஒற்றை சர்வரில் பரவாயில்லை. பெரிய கிளஸ்டரில் நூறு பேர் இப்படிக் கேட்டால் கட்டுப்படுத்தும் டேமன் பதில் சொல்லவே நேரம் போதாமல் தவிக்கும். நிர்வாகியிடமிருந்து மெயில் வரும். முடிந்தாலோ தோற்றாலோ மெயில் அனுப்பு என்று ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி எழுதலாம். அதற்கு சர்வரில் மெயில் அமைப்பு வேலை செய்ய வேண்டும் என்பது வேறு கதை.

ஒற்றை சர்வரில் ஸ்லர்முக்கு ஒரு பலவீனம் கடைசிவரை இருக்கும். உள்ளே நுழையும் மெஷினும் ஜாப் ஓடும் மெஷினும் ஒன்றே. வரிசையைச் சுற்றிக்கொண்டு நேரடியாகப் பைத்தானை ஓட்டுபவரை ஸ்லர்ம் தடுக்காது. பெரிய கிளஸ்டர்களில் ஜாப் இல்லாதவரைக் கணினிக்குள்ளேயே விடாத பூட்டு உண்டு. இங்கே அதைப் போட்டால் ஜாப் அனுப்பவும் உள்ளே வர முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் ரேம் என்று சிஸ்டம்டியில் எல்லை வைத்திருக்கிறோம். மீதியை முகத்தைப் பார்த்துச் சொல்லித்தான் சமாளிக்கிறோம்.

மற்றவை

ஸ்லர்ம் போலவே வரிசை நடத்தும் பிபிஎஸ், எல்எஸ்எஃப் இரண்டையும் புதிதாக யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். அவை கெட்டவை என்பதற்காக அல்ல. நீங்கள் போகும் பெரிய மையத்தில் ஏற்கெனவே இருந்தால் அதைத்தான் பயன்படுத்துவீர்கள், அங்கே தேர்வு உங்கள் கையில் இல்லை. பிபிஎஸ் 1990-களின் தொடக்கத்தில் நாசா ஏம்ஸ் மையத்துக்காக எழுதப்பட்டது. கியூசப், கியூஸ்டாட், கியூடெல் என்று அதன் கட்டளைகள். எஸ்பேட்ச், எஸ்கியூ, எஸ்கேன்சல் தெரிந்தவருக்கு ஒரு நாளில் கை பழகிவிடும். அங்கே செத்த ஜாப்பைப் பார்க்க கியூஸ்டாட்டுக்குப் பின்னால் '-எக்ஸ்' போட வேண்டும். வரலாற்றை வைத்திருக்கும்படி நிர்வாகி அமைத்திருந்தால் விவரம் வரும்.

எச்டிகாண்டர் மட்டும் தனி ரகம். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் மிரன் லிவ்னியின் குழு 1988-லிருந்து வளர்த்துவருவது. செர்ன் ஆய்வகத்தின் பேட்ச் வேலைகள் இதில்தான் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆயிரக்கணக்கான சின்ன ஜாப்களுக்கும், இரவில் சும்மா கிடக்கும் மாணவர் கணினிகளைச் சேர்த்து வேலை வாங்குவதற்கும் அதைப் போல வேறில்லை. என் அளவுகோலில் பார்த்தால் ஸ்லர்மையும் மிஞ்சும். ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு லாக் கோப்பு கேட்டால், எப்போது அனுப்பப்பட்டது, எந்த மெஷினில் தொடங்கியது, ரேம் எவ்வளவு வளர்ந்தது, எப்போது விரட்டப்பட்டது, என்ன எண்ணோடு முடிந்தது என்று நாட்குறிப்பு மாதிரி உங்கள் ஃபோல்டரிலேயே எழுதிவைக்கும். தனி டேட்டாபேஸ் வேண்டாம். ஒரு ஜாப் ஏன் தொடங்கவே இல்லை என்று கேட்டால், எத்தனை மெஷின்கள் எந்த நிபந்தனையில் கழிந்தன என்றுகூட விளக்கும். அப்படியிருந்தும் நாங்கள் எடுக்கவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே மெஷின். அதன் சமர்ப்பிப்புக் கோப்பின் நடையும் ஷெல் ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்குக் கொஞ்சம் அந்நியம். எங்கள் பிள்ளைகள் அடுத்து போகப்போகும் மையங்களில் பெரும்பாலும் ஸ்லர்ம்தான் இருக்கும்; இங்கே பழகியது அங்கே கைகொடுக்கட்டும் என்பதும் ஒரு காரணம்.

பக்கத்துத் துறைக்கு என்ன சொன்னேன்

உங்கள் மேசையில் உங்களுக்கு மட்டும் ஒரு கணினி என்றால் டிமக்ஸுக்குள் டிஎஸ்பி. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இரண்டு பேர், அதுவும் ஒரே அறையில் முகத்தைப் பார்த்துப் பேசுபவர்கள் என்றால் அதே போதும், ஆளுக்கு ஒரு ஜிபியு என்று பிரித்துக்கொண்டு. மூன்றாவது ஆள் வந்த அன்று ஸ்லர்முக்கு ஒரு மதியமும், அதன் டேட்டாபேஸுக்கு இன்னொரு மதியமும் ஒதுக்குங்கள். ஏழு பேர் வரும்வரை காத்திருந்த எங்கள் தவறை நீங்களும் செய்ய வேண்டாம். பத்து பதினைந்து சின்னக் கணினிகள் சிதறிக் கிடந்து, வேலையும் துண்டுதுண்டானது என்றால் மட்டும் எச்டிகாண்டர்.

போன திங்கட்கிழமை ஒரு தம்பி வந்தான். வெள்ளிக்கிழமை போட்ட ஜாப், பாதியில் நின்றுவிட்டதாம். தேதி போட்டு எஸ்அக்ட் அடித்தேன். நிலை: டைம்அவுட். ஓடிய நேரம்: 1-00:00:14. ஒரு நாளும் பதினான்கு விநாடியும். ஸ்கிரிப்டில் அவன் நேரமே எழுதவில்லை. எழுதாதவர்களுக்கு இயல்பாக 24 மணி என்று கான்ஃபிக்கில் வைத்தவன் நான்.

"அப்ப டிஃபால்ட்ட மூணு நாளாக்கிடலாமே அண்ணா?"

"ஆக்குனா யாருமே டைம் எழுத மாட்டீங்கடா. நீ 72 மணின்னு போட்டு மறுபடி அனுப்பு."

போனான். வெளியீட்டுக் கோப்பு இந்த முறையும் பாதி வரியில்தான் நின்றிருந்தது. '-யூ' போட மறந்திருக்கிறான்.